தாய்லாந்து உணவகத்துக்குச் சாப்பிடப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஒரு தாய்லாந்து உணவகம் புதிதாகத் திறக்கப்பட்டால், அங்கு சாப்பிட்டுவிட்டு வந்தவர்களிடம் மற்றவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளாகவே இருக்கின்றன. சைவம் கிடைக்குமா, காரம் தாங்க முடியுமா, பிள்ளைகள் சாப்பிடுவார்களா, பில் எவ்வளவு வரும் என்பவையே அவற்றில் முதன்மையானவை. அண்மையில் திறக்கப்பட்ட ஓர் உணவகத்துக்குக் குடும்பத்தினரோடும் நண்பர்களோடும் சென்று வந்தபின் என்னிடம் கேட்கப்பட்டவற்றையும், அவற்றுக்கு நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இது விளம்பரமும் அன்று, விமர்சனமும் அன்று என்பதால் உணவகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நகரில் உள்ள எந்தத் தாய்லாந்து உணவகத்துக்கும் இவ்விடைகள் பொருந்தும்.

தாய்லாந்து உணவும் சைனீஸ் உணவும் ஏறக்குறைய ஒன்றுதானே?

இல்லை. பெருந்தீயில் இரும்பு வாணலியை வைத்து வதக்கும் முறை, நூடுல்ஸ், சோயா சாஸ் ஆகியவை தெற்குச் சீனாவிலிருந்து குடியேறியவர்கள் வழியாகத் தாய்லாந்துக்கு வந்தவை என்பது உண்மை. ஆனால் அந்நாட்டுச் சமையலில் சுவை பிறக்கும் இடம் வாணலி அன்று, உரல்தான். மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப் புல், அரத்தை, கொத்தமல்லி வேர், இறால் விழுது ஆகியவற்றைக் கல்லுரலில் இடித்துக் கூழாக்கி, அதைத் தேங்காய்ப்பாலில் வதக்கி, பனைவெல்லமும் மீன் சாஸும் சேர்த்து இறக்குவதே அங்குள்ள கறிகளின் அடிப்படை.

இந்தப் பொருள்களில் பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்தவை. கிரீன் கறியில் மிதக்கும் சிறு பச்சை உருண்டைகளைப் பட்டாணி என்று எண்ணி வாயில் போட்டுக்கொண்டு, கசப்பைக் கண்டு முகம் சுளிப்பவர்களை அடுத்த மேசைகளில் பார்க்கலாம். அவை சாட்சாத் நம் ஊர்ச் சுண்டைக்காய்கள்தாம். கறியின் மேல் தூவப்படும் தாய் பேசில் திருநீற்றுப்பச்சிலையின் ஒரு வகை. ‘கப்ராவ்’ என்ற பெயரில் மிளகாய், பூண்டு, கொத்திய கோழிக்கறி ஆகியவற்றோடு வதக்கப்படுவது துளசியினத்தைச் சேர்ந்த இலை. பெருமாள் கோயிலில் தீர்த்தத்தோடு வாங்கிக்கொள்ளும் இலையை இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிடுவதா என்று தயங்குகிறவர்கள் அந்த ஒரு பதார்த்தத்தைத் தவிர்த்துவிடலாம். சூப்பிலும் கறியிலும் மணத்துக்காகச் சேர்க்கும் லைம் இலையின் மணமும், நாரத்தை இலையை இடித்து வேப்பிலைக்கட்டி செய்யும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் புதியதாக இராது.

ஆகவே மெனு அட்டையில் கோபி மஞ்சூரியனும் செஸ்வான் பிரைடு ரைஸும் கிரீன் கறியும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தால், அந்த இடத்தில் உரல் இருக்க வாய்ப்பில்லை என்பது என் கணிப்பு. ‘பான் ஏசியன்’ என்ற பலகையின் கீழ் நல்ல உணவு தரும் இடங்களும் உண்டுதான். ஆனால் தாய்லாந்துச் சமையலை முதன்முதலாகச் சுவைத்துப் பார்ப்பதற்கு அவை ஏற்றவை அல்ல.

திறந்தவுடனே போவது நல்லதா, சில வாரங்கள் பொறுத்திருப்பது நல்லதா?

பொறுத்திருப்பது நல்லது. புதிய உணவகத்தின் முதல் இரண்டு மூன்று வாரங்களில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே ஒத்திசைவு ஏற்பட்டிராது. சூப் வந்து ஆறிய பிறகு ஸ்டார்ட்டர் வரும். மெனுவில் உள்ளவற்றில் பல “இன்று இல்லை” என்ற பதிலோடு போய்விடும். பரிமாறுகிறவர்களுக்கே எந்தப் பதார்த்தத்தில் என்ன இருக்கிறது என்பது மனப்பாடமாகியிருக்காது. சைவ உணவுக்காரர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் கருத்தில் கொள்ள வேண்டியது இந்தக் கடைசிக் காரணத்தைத்தான்.

போவதென்று முடிவு செய்துவிட்டால், வார நாளின் மதிய வேளையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும். சமையற்காரரிடம் கேட்டு வந்து சொல்லும்படி பரிமாறுகிறவரை அனுப்ப முடியும். சனி, ஞாயிறு மாலைகளில் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலில் நிற்க வேண்டிவரும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் குறுகிப்போன சாலை ஒன்றில் உணவகம் இருந்தால், காரை எடுத்துச் செல்வதைவிட ஆட்டோவில் போய் இறங்குவதே நிம்மதி. உள்ளே நுழைந்ததும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் பார்வையில் படும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். எந்த உணவகமானாலும் அது கட்டாயம்.

நாங்கள் சைவம். எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்வது நேர்மையாகாது.

தாய்லாந்துச் சமையலில் உப்புக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் மீன் சாஸ். நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்போடு சேர்த்து ஓராண்டு அளவுக்கு ஊறவைத்து வடித்தெடுப்பதே அது. கறி விழுதில் இறால் விழுது இருக்கும். வதக்கிய கீரைகளிலும் காய்களிலும் ஆய்ஸ்டர் சாஸ், அதாவது சிப்பிச் சாறு, ஊற்றப்படும். டாம் யம் சூப்பில் சேர்க்கப்படும் வறுத்த மிளகாய்ச் சாந்தில் உலர்ந்த இறால் அரைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே கண்ணுக்கு ஓர் இறைச்சித் துண்டுகூடத் தெரியாத ‘வெஜ் கிரீன் கறி’ சைவமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கோழிக்குப் பதிலாக டோஃபு என்னும் சோயாப் பன்னீரைப் போட்டுவிட்டால் அது வெஜ் ஆகிவிட்டது என்று கருதும் அடுக்களைகள் உண்டு.

“இது வெஜ்தானே?” என்று கேட்டால், “எல்லாம் வெஜ்தான் சார்” என்ற விடையே வரும். பரிமாறும் தம்பி பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும். கறி விழுதை இங்கேயே அரைக்கிறீர்களா, டப்பாவில் வாங்குகிறீர்களா? சைவத்துக்கென்று இறால் சேர்க்காத விழுது தனியாக இருக்கிறதா? மீன் சாஸுக்குப் பதிலாக எதை ஊற்றுகிறீர்கள்? காளானில் செய்த சைவ ஆய்ஸ்டர் சாஸ் உண்டா? இந்த நான்குக்கும் அடுக்களையிலிருந்து தெளிவான விடை வந்தால் நம்பிச் சாப்பிடலாம். விழுதை அங்கேயே அரைக்கும் இடத்தில் இறாலை விட்டுவிடுவது எளிது. தொழிற்சாலையில் அடைத்து வரும் விழுதானால், டப்பாவின் மேல் அச்சிடப்பட்ட பட்டியலைக் கொண்டுவந்து காட்டச் சொல்வதில் தவறு எதுவும் இல்லை. நான் கேட்டபோது மேலாளர் முகம் கோணாமல் டப்பாவையே மேசைக்கு எடுத்து வந்தார். உரிய மரியாதையோடு கேட்டால் இது பெரிய விஷயம் அன்று.

முட்டையையும் தனியாகச் சொல்ல வேண்டும். பேட் தாய் என்னும் வதக்கிய அரிசி நூடுல்ஸிலும் பிரைடு ரைஸிலும் முட்டை வழக்கமான சேர்மானம் என்பதால், “வெஜ்” என்று மட்டும் சொன்னால் அதை நீக்க மறந்துவிடுவார்கள்.

தாய்லாந்திலேயே ‘ஜே’ என்ற பெயரில் கடுமையான சைவ உணவு முறை ஒன்று இருக்கிறது. சீன வழி வந்த பௌத்த வழக்கமான அதில் மீன், முட்டை, பால் மட்டுமின்றி வெங்காயமும் பூண்டும்கூட விலக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டி வரும் ஒன்பது நாள்களில், ஃபூகெட்டிலும் பிற ஊர்களிலும் அது விழாவாகவே கடைப்பிடிக்கப்படுகிறது. அடுக்களையில் தாய்லாந்துச் சமையற்காரர் இருந்தால், நீண்ட விளக்கம் எதுவும் தேவையில்லை. ‘ஜே’ என்ற ஒரு சொல்லே போதும். சமணர்களுக்கு மட்டும் என்னால் உறுதியளிக்க இயலவில்லை. அரத்தை, பூண்டு, சின்ன வெங்காயம், கொத்தமல்லி வேர் என்று மண்ணுக்கடியில் விளைபவற்றை நீக்கிவிட்டால் கறி விழுதில் மிஞ்சுவது மிகக் குறைவு.

ஒரே வாணலி, ஒரே கரண்டி என்ற கவலை உள்ளவர்களுக்கு: தனி அடுக்களை இல்லாத இடத்தில் அந்தக் கலப்பைத் தவிர்க்க முடியாது. அதை ஏற்க இயலாதவர்கள் முழுச் சைவ உணவகத்துக்கே செல்வது நல்லது.

காரம் எந்த அளவுக்கு இருக்கும்?

ஆந்திரச் சாப்பாட்டையும் செட்டிநாட்டுக் கோழியையும் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது எம்மாத்திரம் என்ற எண்ணத்தோடு போனால் ஏமாற நேரலாம். நம் காரத்தில் பெரும்பகுதி காய்ந்த மிளகாயை எண்ணெயில் வறுத்து அரைத்ததால் வருவது. தாய்லாந்தில் காந்தாரி மிளகாய் அளவே உள்ள சிறு மிளகாய்களைப் பச்சையாகத் தட்டிப் போடுகிறார்கள். அந்தக் காரம் நாவின் நுனியில் சட்டென்று ஏறும். மிளகாயின் காரப்பொருள் கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாதது. ஆகவே தேங்காய்ப்பால் கலந்த கறிகளில் அது மட்டுப்படும். தேங்காய்ப்பால் சேராத டாம் யம் சூப்பிலும் சாலட்களிலும் மட்டுப்படுத்த எதுவும் இராது. காரம் தாங்காதபோது ஐஸ் தண்ணீரைக் குடிப்பதால் பயனில்லை. ஒரு வாய் வெறும் சோறோ, தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவுமோ உதவும்.

சென்னையில் பல இடங்களில் மிளகாய்ப் படம் ஒன்று, இரண்டு, மூன்று என்று மெனுவில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டில் தொடங்குங்கள். காரத்தை அடியோடு எடுத்துவிடச் சொல்வதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். புளிப்பும் இனிப்பும் காரத்தை எதிர்பார்த்தே சேர்க்கப்படுவதால், காரம் இல்லாத சோம் டம், அதாவது பச்சைப் பப்பாளி சாலட், வெறும் இனிப்புக் கலவையாகிவிடும்.

நான்கு பேர் போனால் எதையெல்லாம் ஆர்டர் செய்யலாம்?

நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது, ஆளுக்கொரு பிரைடு ரைஸோ நூடுல்ஸோ வரவழைத்துவிட்டு, நடுவில் ஒரு கிரேவியை வைத்துக்கொள்வது. தாய்லாந்தில் அவ்வாறு உண்பதில்லை. சோறு மட்டுமே ஆளுக்கொரு தட்டு. மற்ற எல்லாம் மேசையின் நடுவில் பொதுவாக இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஓரிரு கரண்டியாக எடுத்துச் சோற்றோடு சாப்பிட்டுவிட்டு, அடுத்ததற்குப் போவார்கள். சூப்பும் முதலிலேயே குடித்து முடிக்கும் தனி உருப்படி அன்று. அதுவும் சோற்றோடு சேர்ந்ததே.

எனவே நான்கு பேருக்கு, புளிப்பும் காரமுமான ஒரு சூப், தேங்காய்ப்பால் சேர்ந்த ஒரு கறி, ஒரு சாலட், வாணலியில் வதக்கிய கீரை அல்லது இறைச்சி ஒன்று, வெறும் ஜாஸ்மின் அரிசிச் சோறு ஆகியவற்றைச் சொன்னால் போதுமானது. அசைவர்கள் முழு மீனை எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகாய் சேர்த்து ஆவியில் வேகவைத்ததைச் சேர்த்துக்கொள்ளலாம்; காசிமேட்டில் நல்ல கொடுவா கிடைக்கும் ஊரில் அதைச் சாப்பிடாமல் வருவது வீண். இரண்டு தேங்காய்ப்பால் கறிகளை ஒன்றாக வரவழைக்க வேண்டாம், வயிறு திகட்டிவிடும். பிரைடு ரைஸ் கறியின் சுவையை மறைத்துவிடும் என்பதால் வெறுஞ்சோறே பொருத்தம். கூட்டாகச் சாப்பிடும் இந்த முறையால் செலவும் குறைகிறது.

சாலட் என்றதும் வெள்ளரித் துண்டுகளை எண்ணிவிட வேண்டாம். சோம் டம் என்னும் பச்சைப் பப்பாளி சாலட்டை வாடிக்கையாளர் கண்முன்னே செய்து தரும் இடமானால் எழுந்து போய்ப் பாருங்கள். ஆழமான மண் உரலில் முதலில் பூண்டும் மிளகாயும் நான்கைந்து இடி வாங்கும். அடுத்துப் பனைவெல்லமும், விரல் நீளத்துக்கு ஒடித்த காராமணிக்காயும், வறுத்த வேர்க்கடலையும், உலர்ந்த இறாலும் விழும். மீன் சாஸும் எலுமிச்சைச் சாறும் ஊற்றிய பிறகு, நீளநீளமாகச் சீவிய பப்பாளியும் தக்காளித் துண்டுகளும் சேரும். அதன்பின் உலக்கை நசுக்குவதில்லை. வலக்கை மெல்ல இடிக்க, இடக்கையில் உள்ள கரண்டி அடியிலிருப்பதை மேலே புரட்டிக்கொண்டே இருக்கும். பப்பாளி நொறுங்கவும் கூடாது, சாறு ஏறாமல் விறைத்து நிற்கவும் கூடாது. ஓர் உணவகத்தின் தரத்தை மதிப்பிட எனக்கு இந்த ஒரு தட்டே போதும்.

கிரீன், ரெட், யெல்லோ, மசமன், பனாங் என்று இத்தனை கறிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

கிரீன் கறியின் நிறம் பச்சை மிளகாயிலிருந்து வருகிறது. இளம்பச்சையாக இருப்பதால் அது சாதுவானது என்று எண்ணுவது தவறு. ரெட் கறியில் காய்ந்த சிவப்பு மிளகாயும், யெல்லோ கறியில் மஞ்சளும் மசாலாப் பொடியும் சேரும். பனாங் கெட்டியானது, சற்று இனிப்பும் வேர்க்கடலை வாசமும் உடையது. மசமன் கறியில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை ஆகியவை இருக்கும். முஸ்லிம் வணிகர்களின் தொடர்பால் உருவான இக்கறி, குருமா சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அந்நியமாகப் படாது. வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் மசமனில் தொடங்கலாம். முதல்முறை செல்லும் மற்றவர்களுக்கு நான் சொல்வது கிரீன் கறியே.

கறி ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதைக் கிண்ணத்தின் மேற்பரப்பைப் பார்த்தே அறியலாம். தேங்காயின் முதல் பாலை மட்டும் வாணலியில் ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டு, அந்த எண்ணெயிலேயே விழுதை மணம் வரும்வரை வதக்கி, அதன்பின் இரண்டாம் பாலைச் சேர்ப்பதே மரபான முறை. அப்படிச் செய்த கறியின் மேல் நிறமேறிய எண்ணெய்த் துளிகள் மிதக்கும். சோளமாவு கரைத்து ஊற்றியதுபோல ஒரே கெட்டியாக, வழவழவென்று வந்தால் அடுக்களை குறுக்குவழியில் போயிருக்கிறது என்று பொருள்.

பேட் தாய் சாப்பிடாமல் வரலாமா?

தாராளமாக. இது தொன்மையான பதார்த்தம் அன்று. 1930-களின் பிற்பகுதியிலும் 1940-களிலும் பிபுன் சொங்க்ராம் தலைமையிலான அரசு நாட்டுப்பற்றை வளர்க்கும் முயற்சியின் ஒரு பகுதியாக இதைப் பரப்பியது. புளிக்கரைசலும் பனைவெல்லமும் மீன் சாஸும் சேர்ந்த சுவையே இதற்கு உரியது. தட்டில் வருவது தக்காளி கெச்சப் நிறத்தில் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம், அடுத்த முறை சொல்லாமல் இருந்தால் போதும்.

நூடுல்ஸ் விரும்புகிறவர்கள் மெனுவில் ‘காவ் சோய்’ இருக்கிறதா என்று பார்க்கலாம். சியாங் மாய் நகரைச் சார்ந்த வடபகுதி உணவான இதில், தேங்காய்ப்பால் கறியில் முட்டை நூடுல்ஸைப் போட்டு, மேலே பொரித்த நூடுல்ஸைத் தூவி, கடுகுக்கீரை ஊறுகாயும் சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் தருவார்கள். பர்மிய நூடுல்ஸோடு உறவுடையது இது. பாரிமுனையில் பர்மா பஜாரை ஒட்டிய கடைகளில், பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் அறிமுகப்படுத்திய அத்தோ என்னும் நூடுல்ஸைச் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் திசையின் சுவை ஓரளவு பிடிபட்டிருக்கும்.

டாம் யம் சூப்பில் கிடக்கும் தண்டுகளையும் இலைகளையும் மென்று தின்ன வேண்டுமா?

வேண்டாம். எலுமிச்சைப் புல்லின் தண்டு, அரத்தை வில்லை, லைம் இலை ஆகிய மூன்றும் மணத்துக்காகச் சேர்க்கப்படுபவை. ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிடலாம். இறால் சேர்த்த டாம் யம் குங், 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தேங்காய்ப்பால் சேர்ந்த, காரம் குறைந்த சூப் வேண்டுமானால் ‘டாம் கா’ என்று கேளுங்கள்.

சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியாது. கையால் சாப்பிடலாமா?

தாய்லாந்தில் சோற்றைச் சாப்ஸ்டிக்கால் சாப்பிடுவதில்லை. அது பெரும்பாலும் நூடுல்ஸ் சூப்போடு சரி. வலக்கையில் ஸ்பூன், இடக்கையில் ஃபோர்க் என்பதே வழக்கம். ஃபோர்க் வாய்க்குப் போவதில்லை. சோற்றை ஸ்பூனில் தள்ளுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. வடகிழக்கிலும் வடக்கிலும் ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டித்தான் சாப்பிடுகிறார்கள். எனவே கையால் சாப்பிட விரும்புகிறவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

வேர்க்கடலை, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் என்ன செய்வது?

உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். ஆர்டர் கொடுத்த பிறகு சொல்வதில் பயனில்லை. வேர்க்கடலை பேட் தாய், சத்தே என்னும் குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியோடு தரும் சாஸ், மசமன், பனாங், சோம் டம் ஆகியவற்றில் வெளிப்படையாகவே இருக்கும். இறாலோ கண்ணுக்குத் தெரியாமல் விழுதுக்குள் இருக்கும் என்பதால், கோழிக் கறியாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். அரிசி நூடுல்ஸில் கோதுமை இல்லை. ஆனால் அதில் ஊற்றும் சோயா சாஸிலும் ஆய்ஸ்டர் சாஸிலும் இருக்கலாம் என்பதைக் குளூட்டன் ஒவ்வாதவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வாமை கடுமையானதாக இருந்து, பரிமாறுகிறவரின் விடையில் சிறு தயக்கம் தெரிந்தாலும், அந்த உணவகத்தில் சாப்பிட வேண்டாம் என்பதே என் கருத்து.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிடலாமா?

கர்ப்பிணிகள் சோம் டம்மைத் தவிர்த்துவிடுவது நல்லது. பப்பாளி ஆகாது என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வது பழுத்த பழத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாவிட்டாலும், பால் நிறைந்த காய்க்குப் பொருந்தும். அந்தப் பால் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பது விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அதற்குப் பதிலாக மாங்காய் சாலட் கேட்கலாம். மற்றவற்றில் ஐயம் இருந்தால் மருத்துவரையே கேட்க வேண்டும்.

குழந்தைகளுக்குச் சத்தே, மிளகாய் சேர்க்காத பிரைடு ரைஸ், சோயா சாஸில் வதக்கிய அகல நூடுல்ஸ் ஆகியவை ஒத்துப்போகும். குழந்தைக்கான தட்டை முதலில் கொண்டுவரும்படி சொல்லிவிட்டால் பெரியவர்கள் அமைதியாகச் சாப்பிடலாம்.

பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி பற்றிக் கேட்பது எப்படி?

நேரடியாகக் கேட்கலாம். தாய்லாந்தில் கப்ராவ் உள்ளிட்ட பல பதார்த்தங்களுக்குப் பன்றி இறைச்சி வழக்கமானது. சென்னையில் பெரும்பாலும் கோழியைக் கொண்டே செய்கிறார்கள். ஹலால் இறைச்சியா என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டோடு பீர் கிடைக்குமா?

நட்சத்திர விடுதிக்குள் இருக்கும் உணவகமானால் கிடைக்கலாம். தனியாக இயங்கும் உணவகங்களுக்குத் தமிழ்நாட்டில் பொதுவாக மது பரிமாறும் உரிமம் இல்லை; வீட்டிலிருந்து பாட்டிலைக் கொண்டுபோவதும் கூடாது. உரிமம் உள்ள இடத்திலும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இதனால் இழப்பு ஒன்றும் இல்லை. கடுந்தேநீரில் கண்டென்ஸ்டு மில்க்கும் ஐஸும் சேர்த்த, ஆரஞ்சு நிறத் தாய் டீ காரத்துக்கு மிகப் பொருத்தமானது. சங்குப்பூவை ஊறவைத்த நீல நிறப் பானம் இருந்தால், எலுமிச்சைச் சாற்றைத் தனியாகக் கொண்டுவரச் சொல்லி நீங்களே ஊற்றுங்கள். நீலம் ஊதாவாக மாறுவதைப் பார்க்கப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

பில்லில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தனி உணவகமானால் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஓர் அறையின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் இருக்கும் விடுதிகளின் வளாகத்தில் இயங்கும் உணவகமானால் 18 சதவீதம். ஆகவே மெனுவில் விலை ஒன்றாகவே இருந்தாலும் பில் ஒன்றாக இராது.

சர்வீஸ் சார்ஜ் என்பது வரி அன்று. அதை வாடிக்கையாளரின் விருப்பத்தைக் கேட்காமல் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அவற்றை உறுதி செய்தது. பில்லில் அது இருந்தால், எடுத்துவிடும்படி குரலை உயர்த்தாமல் சொன்னாலே பெரும்பாலான இடங்களில் எடுத்துவிடுகிறார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். உட்கார்ந்தவுடன் பாட்டிலைத் திறந்துவிடுவார்கள். சாதாரணக் குடிநீர் போதும் என்று அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனிப்பில் எதைச் சொல்லலாம்?

ஏப்ரல் முதல் ஜூன் வரை போனால் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும். ஊறவைத்து ஆவியில் வேகவைத்த ஒட்டரிசியில் சர்க்கரை கலந்த தேங்காய்ப்பாலைச் சேர்த்து ஊறவிட்டு, மேலே சற்று உப்பிட்ட கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி, பக்கத்தில் மாம்பழத்தை அரிந்து வைப்பார்கள். இனிப்பில் உப்பா என்று தயங்க வேண்டாம்; அந்த உப்பு இல்லாவிட்டால் இது சப்பென்று இருக்கும். தாய்லாந்து மாம்பழம் இங்கு கிடைப்பது அரிது என்றாலும், நார் இல்லாத நல்ல பங்கனபள்ளி அந்த இடத்தை நன்றாகவே நிரப்புகிறது. நவம்பரில் இதே பதார்த்தத்தைக் கேட்டால் குளிர்பதனத்தில் கிடந்த பழமோ டப்பாப் பழமோதான் வரும். அந்த மாதங்களில், மாவில் புரட்டி வேகவைத்த சிவப்பு நிற வாட்டர் செஸ்ட்நட் துண்டுகளை ஐஸ் போட்ட தேங்காய்ப்பாலில் மிதக்கவிட்டுத் தரும் ‘டப் டிம் க்ராப்’ மேலானது.

வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிட்டால் இதே சுவை இருக்குமா?

சிலவற்றில் இருக்கும். கிரீன், ரெட், மசமன் கறிகள் பயணத்தைத் தாங்கும். சோற்றை வீட்டிலேயே வடித்துக்கொண்டால் செலவும் மிச்சம். டாம் யம் சூப்பை இளஞ்சூட்டில் மறுபடி சுட வைக்கலாம். பேட் தாய் அரை மணி நேரத்தில் கட்டியாகிவிடும். சோம் டம்மில் பப்பாளி நீர் விட்டு டப்பாவின் அடியில் குளம் கட்டும் என்பதால், சாஸையும் வேர்க்கடலையையும் தனித்தனியே கட்டித் தரும்படி குறிப்பு எழுதிவிட்டு, வீட்டில் கலந்துகொள்ள வேண்டும். ஒட்டரிசிச் சோற்றை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், கல்லாகிவிடும். வந்த அன்றே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.